வசவில் ஒரு பிழைத்திருத்தம்

அக்கா மகள் பள்ளியில் சூப்பர்லேட்டிவ், அதாவது ஆங்கிலத்தில் 'எல்லாரையும் விட அதிகம்' என்று சொல்லும் விதம், படித்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. ஆளுக்கொரு பட்டம். அவள் அம்மா 'தி லவுடஸ்ட்'. தாத்தா 'தி ஓல்டஸ்ட்'. என் முறை வந்தபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மாமா இஸ் தி மோஸ்ட் லேசியஸ்ட்!"

என் அப்பா ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். படித்துக்கொண்டிருந்த நாளிதழைச் சட்டென்று மடித்தார். பெற்ற பாசம் பேசப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தப்பு. 'எஸ்ட்' போட்டால் 'மோஸ்ட்' கூடாது. 'டால்' போன்ற சின்னச் சொல்லுக்கு வாலில் 'எஸ்ட்'. 'பியூட்டிஃபுல்' போல நீண்டுகொண்டே போனால் முன்னால் 'மோஸ்ட்'. 'லேசி'யில் கடைசி எழுத்து 'ஒய்'. அது 'ஐ' ஆகி 'எஸ்ட்' சேரும். ஆகவே மாமா வெறும் 'லேசியஸ்ட்'தான்."

வெறும்!

"மாமாவுக்கு ஒன்று போதாது தாத்தா."

இந்த இடத்தில் அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் இலக்கியம் படித்தவள். "ஷேக்ஸ்பியரே ஜூலியஸ் சீசர் நாடகத்தில் 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' என்று எழுதியிருக்கிறாரே அப்பா? புரூட்டஸ் குத்திய குத்தைப் பற்றி ஆண்டனி சொல்வானே."

"அந்தக் காலத்தில் அழுத்தத்துக்காக அப்படி எழுதுவார்கள். இன்றைக்குத் தேர்வில் எழுதினால் மார்க் போய்விடும்."

குழந்தை ஒரு நிமிடம் யோசித்தாள். "அப்படியென்றால் தேர்வில் ஒன்று, வீட்டில் இரண்டு."

குற்றச்சாட்டு உண்மையா என்று மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை.

அடுத்த பாடம் அட்வெர்ப், அதாவது வினையடைக்கு சூப்பர்லேட்டிவ். 'குவிக்லி'க்கு 'மோஸ்ட் குவிக்லி'. 'ஃபாஸ்ட்' அப்படியே நின்று 'ஃபாஸ்டஸ்ட்' ஆகிவிடும். 'வெல்' எங்கிருந்தோ 'பெஸ்ட்'டைப் பிடித்துக்கொண்டு வரும். கடினமாக உழைப்பதற்கும் 'ஹார்ட்'தான், 'ஹார்டஸ்ட்'தான். 'லி' சேர்த்து 'ஹார்ட்லி' என்றால் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று பொருள் புரண்டுவிடும். இதையெல்லாம் அப்பா பொறுமையாக விளக்கினார். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். பாராட்டி ஒரு வாக்கியம் எழுதித் தாத்தாவிடம் நீட்டினாள்.

'மாமா வொர்க்ஸ் ஹார்ட்லி.'

அப்பா சிவப்புப் பேனாவைத் திறந்தார். "'ஹார்ட்லி'யை 'வொர்க்ஸ்' என்பதற்கு முன்னால் போடு. மற்றபடி திருத்த ஒன்றுமில்லை."