பதிவேட்டை உரக்க வாசித்த மூன்று மாலைகள்

அந்தக் கிறிஸ்தவ சபையின் அங்கத்தினர் பதிவேட்டில் 412 பெயர்கள் இருந்தன. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பின்வரிசையில் உட்கார்ந்து நான் எண்ணியதில் ஆராதனைக்கு வந்தவர்கள் சராசரியாக 163 பேர். இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிச் சபைச் செயலாளரிடம் காட்டினேன். "மற்றவர்கள் எல்லாம் வெளியூரில் இருக்கிறார்கள், ஐயா" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். "பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்துப் பார்ப்போமா?" என்று கேட்டேன். சபையின் மூத்த பொறுப்பாளர்களான மூப்பர்களையும் அழைத்துக்கொண்டு மறுநாள் மாலை உட்கார்ந்தோம். ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்தது மூன்று மாலைகள் நீண்டது.

சபைகளின் நிலையை ஆராய்ந்து, அடுத்த சில ஆண்டுகளுக்கான திட்டத்தை அவர்களோடு சேர்ந்து வகுப்பது என் பணி. கணக்கு எழுதும் வேலையிலிருந்து இதற்குள் வந்தவன் நான். அதனால் தொடக்க ஆண்டுகளில் வருகை, காணிக்கை, ஞானஸ்நானம், அங்கத்தினர் எண்ணிக்கை என்று நான்கு கோடுகளை வரைந்து, அவை மேலே ஏறினால் சபை நலமாக இருக்கிறது, இறங்கினால் நோயுற்றிருக்கிறது என்று எழுதிவிடுவேன். ஒரு சபைக்கு அப்படி நாற்பது பக்க அறிக்கை கொடுத்தேன். மூன்றே ஆண்டுகளில் அங்கே வருகை ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. மிகவும் ஆரோக்கியமான சபை என்று முடிவுரையில் எழுதினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தச் சபை இரண்டாக உடைந்தது. அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பழைய கோப்பை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர், பக்கத்துச் சபையில் நடந்த சண்டையில் மனம் நொந்து ஒரே கூட்டமாக வந்து சேர்ந்தவர்கள். காயத்தோடு வந்தவர்களை யாரும் அமர்த்தி விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை. என் வரைபடத்தில் அவர்கள் மேலேறும் ஒரு கோடாக மட்டுமே இருந்தார்கள்.

வளர்ச்சி ஒரே வகையானதல்ல என்பதை இந்தத் துறையின் முன்னோடிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். 1897இல் மத்திய இந்தியாவின் தமோ நகரில் பிறந்து, அந்தப் பகுதியிலேயே பல ஆண்டுகள் ஊழியம் செய்த டொனால்ட் மெக்காவ்ரன், சில சபைகள் பெருகுகின்றன, சில அப்படியே நின்றுவிடுகின்றன, ஏன் என்ற கேள்வியை விடாமல் துரத்தியவர். சபை வளர்ச்சி என்ற துறையே அவரிடமிருந்துதான் கிளைத்தது. பெற்றோர் வழியாகப் பிள்ளைகள் வருவது ஒரு வளர்ச்சி, வேறு சபையிலிருந்து குடிபெயர்ந்து வருவது இன்னொன்று, புதிதாக விசுவாசத்துக்குள் வருவது மூன்றாவது என்று அந்தத் துறையில் பிரித்துப் பேசுவார்கள். எந்தச் சபைக்குப் போனாலும் இப்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: போன ஆண்டு சேர்ந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பதில் சொல்ல முடியாமல் விழிக்கும் சபைக் குழுக்களே அதிகம்.

ஜெர்மானியரான கிறிஸ்டியன் ஷ்வார்ஸின் முறையையும் சில ஆண்டுகள் பயன்படுத்தினேன். 32 நாடுகளில் ஆயிரம் சபைகளை ஆராய்ந்து, நலமுள்ள சபைக்கு எட்டுப் பண்புகள் என்று 1990களில் அவர் வகுத்தார். தலைமை, வரங்களுக்கு ஏற்ற ஊழியம், ஆவிக்குரிய வாழ்வு, அமைப்பு, ஆராதனை, சிறு குழுக்கள், நற்செய்திப் பணி, அன்பான உறவுகள் என்று அந்தப் பட்டியல் போகும். அவர் காட்டும் மரப்பீப்பாய் உவமை எனக்கு மிகவும் பிடிக்கும். எட்டுப் பலகைகளால் ஆன பீப்பாயில், எந்தப் பலகை மிகக் குட்டையோ அந்த உயரம் வரைதான் தண்ணீர் நிற்கும். மற்ற ஏழையும் எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. பாடற்குழு சிறப்பாக இருக்கிறதே என்று அதற்கே மேலும் மேலும் செலவிடும் சபைகளிடம் இந்தப் பீப்பாயைப் பலமுறை வரைந்து காட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்த முறையில் எனக்கு ஒரு குறை தென்பட்டது. கேள்வித்தாளைச் சபையின் முப்பது பேர் நிரப்ப வேண்டும். அவர்கள் சபையின் நடுவில் இருந்து சுறுசுறுப்பாக உழைப்பவர்கள். "எங்கள் சபையில் அன்பு நிறைந்திருக்கிறது" என்று அவர்கள் மனதார எழுதுவார்கள், அவர்களுக்கு அது உண்மைதான். அன்பு கிடைக்காமல் போனவரிடம் அந்தக் கேள்வித்தாள் போய்ச் சேருவதே இல்லை. இருப்பவர்களிடம் மட்டும் கேட்டு ஒரு சபையின் நலத்தை அறிய முடியாது என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமில்லை.

எண்ணுவதே விசுவாசக் குறைவு என்று சிலர் என்னோடு வாதிட்டிருக்கிறார்கள். வேதாகமத்தில் தாவீது ராஜா ஜனங்களைத் தொகையிட்டு எண்ணிய கதையை எடுத்துக் காட்டுவார்கள். வேண்டாம் என்று படைத்தலைவன் யோவாப் தடுத்தும் கேளாமல் எண்ணினான், பிறகு அவன் இருதயமே அவனை வாதித்தது. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் லூக்கா சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில், காணாமற்போன ஆட்டின் உவமையில் இருக்கிறது. நூறு ஆடுகளில் ஒன்று இல்லை என்று அந்த மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? அவன் எண்ணியிருக்கிறான். தாவீது எண்ணியது தன் பலத்தைத் தெரிந்துகொள்ள. மேய்ப்பன் எண்ணியது யார் இல்லை என்று தெரிந்துகொள்ள. என் பழைய நாற்பது பக்க அறிக்கை எந்த வகைக் கணக்கு என்று யோசித்துப் பார்த்தபோது மனம் கனத்தது.

பதிவேட்டுக்கு வருகிறேன். செயலாளர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் மூப்பர்கள் பதில் சொன்னார்கள். முதல் மாலை கலகலப்பாகவே போனது. இறந்துபோன 38 பேரின் பெயர்கள் அடிக்கப்படாமலே இருந்தன. ஒவ்வொருவரைப் பற்றியும் யாராவது ஒரு நினைவைச் சொன்னார்கள். இரண்டாம் மாலையில் மேசையைச் சுற்றி மௌனம் கூடிக்கொண்டே போனது. ஒரு பெயர் வாசிக்கப்படும், யாரும் பேசமாட்டார்கள். "அவர்... போன கிறிஸ்துமஸுக்கு வந்தாரா?" என்று ஒருவர் கேட்பார். "அதற்கு முந்தியது" என்பார் இன்னொருவர். மூன்றாம் மாலை முடிந்தபோது கணக்கு இப்படி இருந்தது: வருகிறவர்கள் 155, இறந்தவர்கள் 38, வெளியூரில் இருப்பவர்கள் 97, அருகிலேயே இருந்தும் வராதவர்கள் 78, எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாதவர்கள் 44. இன்னொன்றும் தெரியவந்தது. வருடக்கணக்கில் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்த இருபது பேரின் பெயர்கள் பதிவேட்டில் இல்லவே இல்லை. அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை.

இந்தச் சபை என்னை அழைத்தது ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காக. 600 பேர் அமரக்கூடிய புதிய ஆலயத்துக்கான வரைபடம் தயாராக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் சபையை இரு மடங்காக்கத் திட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். நல்ல ஆசை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. கரும்பலகையில் கணக்கை மட்டும் எழுதினேன். ஐந்து ஆண்டுகளில் இரு மடங்கு என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 சதவீதம் வளர வேண்டும். 163 பேருக்கு அது முதல் ஆண்டிலேயே 24 பேர். மரணத்தாலும் இடமாற்றத்தாலும் ஆண்டுக்குச் சராசரியாக 11 பேரை இழந்துகொண்டிருந்தார்கள். ஆக, 35 புதியவர்கள் வந்து, நிலைத்தும் இருக்க வேண்டும். பிறகு வருகையாளர் புத்தகத்தைத் திறந்தோம். முந்தைய ஆண்டு முதல்முறையாக வந்து பெயர் எழுதியவர்கள் 27 பேர். அவர்களில் இன்னும் வருகிறவர்கள் 4 பேர். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது போல என்று ஒரு மூப்பர் மெதுவாகச் சொன்னார். நான் எதுவும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போதகர் அந்தக் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போய்வந்தவர். 163 பேர் என்பது எத்தனை சங்கடமான அளவு என்பதை அவருக்கு விளக்கினேன். சபை ஆய்வாளரான ஆர்லின் ரோத்தாக் 1983இல் சபைகளை அளவுப்படி நான்காகப் பிரித்துக் காட்டினார். ஐம்பது பேர் வரை அது ஒரு குடும்பம். ஐம்பதிலிருந்து 150 வரை போதகரே மையம், எல்லாரையும் அவருக்குத் தெரியும். 150ஐத் தாண்டினால் ஒருவரால் எல்லாரையும் சுமக்க முடியாது. பராமரிக்கிறவர்களை உருவாக்குவதே அங்கே போதகரின் வேலையாக மாற வேண்டும். காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து, நீயும் ஜனங்களும் தளர்ந்துபோவீர்கள் என்று மாமனார் எத்திரோ சொன்னது இதைத்தான். பத்துப் பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். "நான் குறைவாகச் செய்துவிட்டேன் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்" என்றார் போதகர். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

வராத 78 பேரையும் இருவர் இருவராகப் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். முதல் சந்திப்பில் யாரையும் ஆராதனைக்கு அழைக்கக் கூடாது, கேட்க மட்டுமே வேண்டும். பிரசங்கித்தே பழகியவர்களுக்கு இது எளிதல்ல. அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தை அன்று சேர்ந்து வாசித்தோம். சீஷர்கள் பெருகினபோதுதான் அங்கே சிக்கல் வருகிறது. கிரேக்க மொழி பேசியவர்களின் விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப்போனார்கள், அவர்களைச் சேர்ந்தவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் அந்த முறுமுறுப்பைக் கண்டிக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் மொழி அறிந்தவர்களிடமே பொறுப்பு போனது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். நம் சபைகளில் முறுமுறுப்பவரைக் கலகக்காரர் என்று ஒதுக்கிவிடுகிறோம். சபையின் நிலைபற்றிய மிகத் துல்லியமான தகவல் பல நேரங்களில் அவரிடம்தான் இருக்கிறது.

இரண்டு மாதங்களில் 78 வீடுகளையும் பார்த்து முடித்தார்கள். பழைய மனஸ்தாபங்கள் சில இருந்தன, நான் பயந்த அளவுக்கு இல்லை. ஒரு முதியவர், ஒலிபெருக்கிகளை இடம் மாற்றிய பிறகு பிரசங்கம் காதில் விழவில்லை என்று நின்றுவிட்டிருந்தார். நான்கு ஆண்டுகளாக அவர் வராததற்கு ஒரு ஒலிபெருக்கி காரணம். ஒன்பது பேருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாள். அவர்களில் செவிலியரான ஒரு அம்மாவை நானும் போய்ப் பார்த்தேன். இரவுப் பணி முடித்து வந்து, சீருடை மாற்றாமலே எங்களோடு உட்கார்ந்தார். சமையலறைச் சுவரில் நாட்காட்டி தொங்கியது. அதில் தன் பணி நேரங்களை நீல மையில் குறித்திருந்தார். சில ஞாயிறுகளைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம். "அது என்ன அம்மா?" என்று கேட்டேன். "திருவிருந்து ஞாயிறு ஐயா. வர முடியாது என்று தெரியும். அன்றைக்கு வார்டில் நின்றபடியே ஜெபித்துக்கொள்வேன்" என்றார். சபையாய் அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் நாட்கள் அவை. என்னோடு வந்திருந்தவர் கட்டடக் குழுவின் தலைவர். அந்த வரைபடத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர், பதிவேட்டை வாசித்த நாட்களில் என்மேல் கோபமாகவே இருந்தவர். திரும்பி வரும் வழியில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறங்கும்போது, "வாரத்தின் நடுவில் ஒரு மாலை திருவிருந்து வைத்தால் என்ன தடை?" என்று என்னைக் கேட்டார். சபைக் குழுவிடம் கேட்கச் சொன்னேன்.

திட்டம் ஒரே பக்கத்தில் அடங்கியது. புதன்கிழமை மாலையில் ஒரு ஆராதனை, மாதம் ஒருமுறை அதில் திருவிருந்து. பத்து வீடுகளுக்கு ஒருவர் பொறுப்பு. அவர்களைப் பயிற்றுவிக்கப் போதகருக்கு வாரத்தில் இரண்டு நாட்கள். புதிதாக வருகிறவரை அந்த வாரத்திலேயே சந்திக்க மூன்று குடும்பங்கள். பதிவேட்டைக் காலாண்டுக்கு ஒருமுறை உரக்க வாசிப்பது. கட்டடத்தைக் கைவிடச் சொல்லி நான் எழுதவில்லை. எருசலேமின் அலங்கத்தை, அதாவது இடிந்த நகர மதிலை, கட்டும் முன் நெகேமியா யாருக்கும் சொல்லாமல் இரவில் போய் இடிபாடுகளைப் பார்வையிட்டான், பிறகு 52 நாட்களில் கட்டி முடித்தான். பார்வையிடும் வேலையில்தான் இந்தச் சபை இப்போது இருக்கிறது என்று மட்டும் எழுதினேன். இரு மடங்கு என்ற இலக்கின் இடத்தில், முதல்முறை வருகிறவர்களில் பாதிப்பேராவது ஓராண்டுக்குப் பிறகும் இருக்க வேண்டும் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

ஓராண்டு கழித்து மறுஆய்வுக்குப் போனேன். சராசரி வருகை 171. வரைபடத்தில் போட்டால் கண்ணுக்கே தெரியாத ஏற்றம். புதன்கிழமைகளில் வரும் 30 பேர் அதில் சேரவில்லை. முதியவரின் ஒலிபெருக்கி பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. நான் போன அன்று மாலை அதே மேசையில் பதிவேட்டு வாசிப்பு நடந்தது. எங்கே என்று தெரியாத 44 பேர் 9 பேராகக் குறைந்திருந்தார்கள். செயலாளர் அந்த ஒன்பதில் முதல் பெயரை வாசித்து நிறுத்தினார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த பெயருக்குப் போக விரலை நகர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார் கட்டடக் குழுத் தலைவர். "அவருடைய தங்கை எங்கே வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். நாளைக்குப் போய்க் கேட்டு வருகிறேன்."