கல்வெட்டைத் திரையில் காட்டுமுன் வெளிச்சத்தைக் கவனியுங்கள்

தேய்ந்த கல்வெட்டுப் படம் ஒன்றைக் கைபேசியில் திறந்து தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பள்ளமாகத் தெரிந்த எழுத்துகள் பெரும்பாலும் மேடாகப் புடைத்து நிற்கும். படம் அதேதான், மூளை போடும் கணக்குதான் மாறிவிட்டது. வெளிச்சம் மேலிருந்து, ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொண்டுதான் நம் பார்வை நிழலைப் படிக்கிறது. நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988-இல் வெறும் வட்டங்களுக்கு நிழல் தீட்டியே இதை விளக்கினார். தொல்பொருள்களை டிஜிட்டலாக்கும்போது மெகாபிக்சலுக்குக் கிடைக்கும் கவனம் வெளிச்சத்தின் திசைக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் என் குறை.

பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தால் போதாதா? போதாது. வெளிச்சம் போகும் திசையிலேயே வெட்டப்பட்ட கோட்டில் நிழல் விழாது. இடமிருந்து விளக்கடித்தால் செங்குத்துக் கோடுகள் பளிச்சென்று தெரியும், கிடைக்கோடுகள் காணாமல் போகும். எழுத்தில் பாதி போய்விடும்.

இதற்குத்தான் ஆர்டிஐ (Reflectance Transformation Imaging). கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் இடம் மாற்றிப் பல படங்கள் எடுத்து, பிறகு திரையில் வெளிச்சத்தை நம் விருப்பப்படி நகர்த்திப் பார்க்கும் முறை. இதன் அடிப்படைக் கணக்கை டாம் மால்ஸ்பெண்டர் குழு ஹெச்பி ஆய்வகத்தில் உருவாக்கி 2001-இல் வெளியிட்டது. பழங்காலக் கிரேக்க வானியல் கருவியான ஆன்டிகிதெரா இயந்திரத்தின் அரித்துப்போன எழுத்துகளைப் படிக்க 2005-இல் சிடி ஸ்கேனோடு இதுவும் கைகொடுத்தது.

செலவு அதிகமில்லை. ட்ரைபாட், கேமரா, ரிமோட், கையில் பிடிக்கும் ஃபிளாஷ், ஒரு நூல், பளபளப்பான கறுப்புக் குண்டுகள் இரண்டு. குண்டுகளைப் பொருளின் இருபக்கமும், அதே மட்டத்தில் வையுங்கள். படத்தில் குண்டின் விட்டம் 250 பிக்சலாவது இருக்கட்டும். அதில் விழும் ஒளிப்புள்ளியை வைத்துத்தான் விளக்கு எங்கே இருந்தது என்று மென்பொருள் கண்டுபிடிக்கிறது. ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் எல்லாம் மேனுவல். ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8 பக்கம், ரா ஃபைல்.

விளக்கின் தூரம் பொருளின் மூலைவிட்டத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும். 30 செ.மீ. என்றால் 90 செ.மீ. நூலை அந்த நீளத்துக்கு வெட்டி ஃபிளாஷில் கட்டுங்கள். மறுமுனையைப் பொருளின் நடுவே, தொடாமல் பிடித்துத் தூரம் பார்த்துவிட்டு, நூலை விலக்கிய பிறகே படம் எடுங்கள். பொருளின் தளத்திலிருந்து 15 முதல் 65 பாகை வரை வெவ்வேறு உயரங்களில், சுற்றிலும் 36 முதல் 60 படங்கள். குடையை விரித்துப் பொருளின் மேல் கவிழ்த்தாற்போல விளக்கின் இடங்கள் பரவியிருக்க வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ட்ரைபாடால். ஓரிரு பிக்சல் நகர்ந்தாலே விளிம்புகள் கலங்கும். மரத்தளத்தில் யாராவது நடந்தால்கூட இது நடக்கும். அடுத்தது தூரம். நூலைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால் வெளிச்சம் கூடிக்குறைந்து, மேற்பரப்பில் இல்லாத அலைகள் தெரியும். குண்டின் மேல் உங்கள் நிழல் விழுந்த படங்களைத் தயங்காமல் தூக்கிவிடுங்கள். வெயிலில் எடுக்கவே கூடாது. வேறு வழியில்லையென்றால் இரவில் எடுங்கள்.

அடுத்து, இந்தப் படத்தைத் திரையில் பார்க்கும் பார்வையாளரின் கண். கூர்மையாகத் தெரிவது நடுவில் சுமார் இரண்டு பாகைதான். கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. அந்தத் துண்டு வினாடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. எங்கே தாவும் என்பதைக் கேள்வி தீர்மானிக்கிறது. ரஷ்ய ஓவியர் ரேபினின் ஓவியம் ஒன்றை வைத்து, கண் அசைவை ஆராய்ந்த யார்பஸ் செய்த சோதனையில், ஓவியத்தில் இருப்பவர்களின் வயதைக் கேட்டால் கண்கள் முகங்களுக்குப் போயின. அவர்களின் பண வசதியைக் கேட்டால் உடைக்கும் மேசை நாற்காலிக்கும் போயின. ஆகவே திரையில் முப்பரிமாணப் பொருளைச் சும்மா சுழலவிடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு கேள்வி கொடுங்கள்: வெட்டிக்கொள்ளும் இந்த இரண்டு கோடுகளில் உளி முதலில் இறங்கியது எதில்? பின்னால் வெட்டிய கோட்டின் ஓரம் அறுபடாமல் ஓடும், முந்தையது அங்கே உடைந்திருக்கும். வெளிச்சத்தை நகர்த்தாமல் விடை கிடைக்காது. தொடக்க வெளிச்சம் மேல் இடப்பக்கம் இருக்கட்டும். கீழே வைத்தால் பள்ளம் மேடாகிவிடும்.

பார்வையாளர் எங்கே பார்க்கிறார் என்பதைக் கண் அசைவைப் பதிவு செய்யும் கருவி வைத்து அளக்கலாம்தான். ஆனால் ஒரு பாகைப் பிழை என்பது ஒன்றரை மீட்டர் தூரத்தில் 2.6 செ.மீ. எந்தப் பகுதி என்று சொல்லலாம், எந்த எழுத்து என்று சொல்ல முடியாது. நீண்ட நேரம் நிலைத்த பார்வை ரசனையாகவும் இருக்கலாம், குழப்பமாகவும் இருக்கலாம். தலையில் மாட்டும் மூளை அலைப் பட்டையோ, நடக்கும்போது கழுத்துத் தசையின் இரைச்சலைத்தான் அதிகம் வாங்கும். மறுநாள் அந்த எழுத்தை நினைவிலிருந்து வரைந்து காட்டச் சொல்வது மலிவானது, நம்பகமானதும்கூட.