விலைச்சீட்டு மீனுக்கு இல்லை, வரிசைக்கு

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய கண்ணோடு அமெரிக்க பேஸ்பால் டிராஃப்ட் (தொழில்முறை அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்ச்சி) பார்க்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் குழப்பம் வந்துவிடும். யாரும் விலை கேட்பதில்லை, யாரும் கை தூக்குவதில்லை. மேடையில் ஒரு பெயரைப் படிக்கிறார்கள், பையன் தொப்பியை மாட்டிக்கொள்கிறான், அடுத்த அணி வந்துவிடுகிறது. காசு எங்கே போயிற்று என்று தோன்றும். ஜூலை மாதத்து விடிகாலையில் இதற்காக எழுந்திருக்கிற ஆட்கள் புதுச்சேரியில் ஒரு மேசைக்குத்தான் தேறுவார்கள். அவர்களுக்கும், டீக்கடையில் அவர்களிடம் மாட்டிக்கொண்டு விழிக்கிற நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

ஐபிஎல் ஏலம் தேங்காய்த்திட்டு துறைமுகத்து மீன் ஏலம் மாதிரி. கூடையை இறக்கியதும் விலை ஏறும், மடியில் கனமுள்ளவர் தூக்கிக்கொண்டு போவார். டிராஃப்டில் 30 அணிகளும் வரிசையில் நிற்கின்றன. போன ஆண்டு அதிகம் தோற்றவர்களுக்கு முன்வரிசை. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்கு மட்டும் குலுக்கல். முறை வரும்போது மிச்சமிருக்கிற மீனில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் விலைச்சீட்டு மீன்மேல் ஒட்டியிருக்காது, அணி நிற்கிற இடத்தின்மேல் ஒட்டியிருக்கும். அப்படி அந்த இடத்துக்கென்று குறித்த கையெழுத்துப் பணத்துக்குப் பெயர் ஸ்லாட்.

முதல் பத்துச் சுற்றில் ஓர் அணிக்கு இருக்கிற ஸ்லாட் தொகைகளையெல்லாம் கூட்டினால் வருவது அந்த அணியின் போனஸ் பூல், அதாவது கையெழுத்துப் பணத்துக்கான (போனஸ்) மொத்த ஒதுக்கீடு. 2012-இல் இந்த முறை வந்தது. இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஸ்லாட் தொகையை அந்தந்தப் பையனுக்கு அப்படியே கொடுத்தாக வேண்டும் என்று விதி இல்லை. மொத்தக் கணக்கு பூலுக்குள் நின்றால் போதும். ஒருவரிடம் மிச்சம் பிடித்து இன்னொருவரிடம் கொட்டலாம். வஞ்சிரம் வாங்கப் போன காசில் கொடுவா வாங்கி, மீதியில் இறாலும் வாங்கி வருகிற வீட்டுக் கணக்குதான்.

எண்களை வைத்துப் பார்ப்போம். பூல் 1 கோடி டாலர் உள்ள ஓர் அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தேர்வின் ஸ்லாட் 50 லட்சம். முதல் தரத்துக்கு ஒரு படி கீழே உள்ள, ஆனால் 42 லட்சத்துக்கு ஒத்துக்கொள்கிற ஆட்டக்காரரை எடுத்தால் 8 லட்சம் மிச்சம். ஏழாம் சுற்றிலிருந்து பத்தாம் சுற்றுவரை ஸ்லாட் தலா 2 லட்சம் என்றால், அந்த நான்கு இடத்திலும் கல்லூரி இறுதியாண்டு ஆட்கள். ஆளுக்கு 15,000 டாலர் கொடுத்தால் போதும், அங்கே 7.4 லட்சம் மிச்சம். இதற்குமேல் பூலைத் தாண்டி 5 விழுக்காடுவரை செலவழித்தால் தண்டனை வெறும் வரிதான்: தாண்டிய தொகையில் 75 விழுக்காடு. ஆக இன்னொரு 5 லட்சம் கைக்கு வரும், அதற்கு 3.75 லட்சம் வரி. எல்லாம் சேர்த்து 20.4 லட்சம். மூன்றாம் சுற்றின் 8 லட்ச ஸ்லாட்டோடு இதைச் சேர்த்தால் 28.4 லட்சம். கேட்ட விலைக்குப் பயந்து எல்லோரும் தாண்டிப் போன, முதல் சுற்றுத் திறமையுள்ள பள்ளிப் பையன் அந்த விலைக்கு வந்துவிடுவான்.

5 விழுக்காட்டைத் தாண்டினால் கதை மாறும். அடுத்த ஆண்டு முதல் சுற்றுத் தேர்வே பறிபோகும். அதனால் 4.9 விழுக்காட்டில் போய் நிற்பதுதான் வழக்கம். 2012 முதல் 2024 வரை ஓர் அணிகூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

கல்லூரி இறுதியாண்டுக்காரர் ஏன் இவ்வளவு மலிவு? அவருக்குத் திரும்பிப் போக இடமில்லை. பள்ளி முடித்த பையன் "காசு போதாது, நான் கல்லூரிக்குப் போகிறேன்" என்று சொல்லலாம். மூன்றாமாண்டு மாணவர் இன்னும் ஓராண்டு ஆடி வருகிறேன் என்று சொல்லலாம். 21 வயது நிரம்பிய இரண்டாமாண்டு மாணவர் இன்னும் கறாராகப் பேசுவார், அவர் கையில் இரண்டு ஆண்டு இருக்கிறது. பேரம் என்பது இங்கே மறுக்க முடிகிற வசதிதான். பையனின் திறமையை எல்லா அணியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எடைபோடுகின்றன. எந்த விலைக்கு அவன் கையெழுத்துப் போடுவான் என்பதைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கும் அணிதான் முந்துகிறது. அதனால் ரசிகர்கள் போடுகிற "சிறந்த 100 பேர்" பட்டியலில் விலைக்கு ஒரு பத்தி இல்லையென்றால் அந்தப் பட்டியல் பாதிதான்.

இந்த வித்தையை முதல் ஆண்டிலேயே செய்து காட்டியது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். 2012-இல் முதல் தேர்வு அவர்களுடையது, ஸ்லாட் 72 லட்சம். ஸ்டான்ஃபோர்ட் கல்லூரிப் பிட்ச்சர் (பந்து எறிபவர்) மார்க் அப்பெல் போவார் என்று பரவலாக எழுதினார்கள். பைரன் பக்ஸ்டன்தான் திறமையில் முதல் ஆள் என்றார்கள் பலர். ஹூஸ்டன் எடுத்தது போர்ட்டோ ரிக்கோவின் 17 வயது ஷார்ட்ஸ்டாப் (உள்வட்டத் தடுப்பாளர்) கார்லோஸ் கொரியாவை, 48 லட்சத்துக்கு. மிச்சமான 24 லட்சம் எங்கே போயிற்று என்பதில்தான் சங்கதி. 41-ஆவது இடத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஜூனியருக்கு 25 லட்சம், ஸ்லாட்டைப்போல் இரண்டு மடங்கு. நான்காம் சுற்றில் ரியோ ரூயிஸுக்கு 18.5 லட்சம், ஸ்லாட்டைப்போல் ஐந்து மடங்கு. ரூயிஸ் பெரிதாக வரவில்லை. கொரியாவும் மெக்கல்லர்ஸும் 2017 உலகத் தொடரை (லீக்கின் இறுதிக் கோப்பை) வென்ற அணியில் இருந்தார்கள். அப்பெல் எட்டாம் இடத்துக்குச் சரிந்து, பிட்ஸ்பர்க் கொடுத்த 38 லட்சத்தையும் வேண்டாமென்று கல்லூரிக்குத் திரும்பினார். மறு ஆண்டு அதே ஹூஸ்டன் அவரை முதல் ஆளாக எடுத்தது, 63.5 லட்சத்துக்கு. பணத்தைப் பொறுத்தவரை அவர் செய்தது சரி.

கவிழ்ந்துபோகிற இடமும் இதிலேயே இருக்கிறது. கையெழுத்தாகாத தேர்வின் ஸ்லாட் தொகை மொத்தமும் பூலிலிருந்து கழிக்கப்படும். நம் கணக்கில் முதல் ஆள் முறுக்கிக்கொண்டால் போவது மிச்சம் பிடித்த 8 லட்சம் மட்டும் இல்லை, 50 லட்சமும் போகும். அதை நம்பி மூன்றாம் சுற்றுப் பையனுக்குக் கொடுத்த வாக்கும் போகும். 2014-இல் இதே ஹூஸ்டனுக்கு அது நடந்தது. முதல் தேர்வு பிரேடி ஏகன், இடதுகைப் பிட்ச்சர். ஸ்லாட் 79 லட்சம், பேசியது 65 லட்சம். அந்த மிச்சத்தை நம்பி ஐந்தாம் சுற்று ஜேக்கப் நிக்ஸுக்கு 15 லட்சம் பேசி வைத்திருந்தார்கள். உடற்பரிசோதனையில் ஏகனின் முழங்கைத் தசைநார் குறித்துச் சந்தேகம் கிளம்பியது. ஹூஸ்டன் 31 லட்சத்துக்கு இறங்கியது. அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. ஸ்லாட்டில் 40 விழுக்காடு கொடுக்க முன்வந்தால்தான் கையெழுத்தாகாத தேர்வுக்கு மறு ஆண்டு ஈடு கிடைக்கும் என்பது அப்போதைய விதி. கடைசி நேரத்தில் 50 லட்சத்துக்கு ஏறியும் பையன் தரப்பு மசியவில்லை. நிக்ஸுக்குப் பேசிய பணமும் காற்றில் போயிற்று.

மறு ஆண்டே ஏகனுக்கு டாமி ஜான் அறுவை (முழங்கைத் தசைநாரைச் சீரமைக்கும் சிகிச்சை) நடந்தது. ஈடாகக் கிடைத்த 2015-இன் இரண்டாம் தேர்வில் ஹூஸ்டன் அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தது. இதைச் சொல்லி "பார்த்தீர்களா, அணி செய்ததுதான் சரி" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நிக்ஸ் விஷயத்தில் அந்த வாதம் நிற்காது. தன் உடம்பில் ஒரு குறையும் இல்லாத பையன் அடுத்தவன் முழங்கைக்காகத் தெருவில் நின்றான்.

நம்மவர்களுக்குப் பெயரைக் கேட்டதும் ஆவல் வருகிற குமார் ராக்கர் (அம்மா வழியில் இந்திய வம்சாவளி) கதையும் இதே வகைதான். 2021-இல் நியூயார்க் மெட்ஸ் பத்தாவது ஆளாக எடுத்து 60 லட்சம் பேசியது, பரிசோதனைக்குப் பின் விலகிக்கொண்டது. மறு ஆண்டு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவது ஆளாக எடுத்தபோது பலர் சிரித்தார்கள். அவர்கள் நிலையைப் பாருங்கள்: பெரிய ஆட்டக்காரர்களைச் சந்தையில் வாங்கியதற்கு விலையாக அந்த ஆண்டு இரண்டாம், மூன்றாம் சுற்றுத் தேர்வுகளை இழந்திருந்தார்கள். ராக்கருக்கு 52 லட்சம் கொடுத்து, ஸ்லாட்டில் மிஞ்சிய சுமார் 24 லட்சத்தை நான்காம் சுற்று பிராக் போர்ட்டரிடம் கொண்டுபோய் 37 லட்சமாகக் கொடுத்தார்கள். இல்லாத இரண்டாம் சுற்றை விலைகொடுத்து உண்டாக்கிக்கொண்டார்கள் என்று படிக்க வேண்டும். இப்போது டிராஃப்டுக்கு முன்பே பரிசோதனைக்கு உடன்படுகிற முன்னணி ஆட்களுக்கு ஸ்லாட்டில் 75 விழுக்காடாவது கொடுக்க முன்வர வேண்டும் என்று விதியைத் திருத்தியிருக்கிறார்கள்.

பார்க்கும்போது கண்ணை எங்கே வைப்பது என்று கேட்டால், முதல் சுற்றைவிட நான்காம் சுற்றில் வையுங்கள் என்பேன். பெரிய பெயர் ஒன்று அங்கே திடீரென்று வந்தால், பின்னால் எட்டு, ஒன்பது, பத்தில் இறுதியாண்டு ஆட்கள் வரிசையாக வருவார்கள். அந்த இரண்டும் ஒரே கொள்முதல். பதினொன்றாம் சுற்றையும் விடாதீர்கள். அங்கிருந்து இருபதுவரை 1,50,000 டாலர் வரையிலான போனஸ் பூலில் சேராது, கையெழுத்தாகாவிட்டாலும் எதுவும் கழியாது. அதனால் அங்கே ஒரு விலையுயர்ந்த பள்ளிப் பையனை மாற்று ஆளாக எடுத்து வைப்பார்கள். மேலே ஸ்லாட்டுக்கு அதிகமாகப் பேசிவைத்த யாராவது விழுந்தால், அவருக்கு ஸ்லாட்டுக்குமேல் ஒதுக்கிய பணம் இவனுக்கு. "ஏற்கெனவே ஷார்ட்ஸ்டாப் இருக்கிறாரே, இன்னொருவர் எதற்கு" என்கிற கேள்வி மட்டும் வேண்டாம். எடுத்த பையன் மேலே வர மூன்று நான்கு ஆண்டு ஆகும், அதற்குள் யார் இருப்பார், யார் போவார்! பள்ளி வலதுகைப் பிட்ச்சர்களிடம் எச்சரிக்கை. டிராஃப்ட் தொடங்கிய 1965 முதல் 2024 வரை அப்படி ஒருவர்கூட முதல் ஆளாக எடுக்கப்பட்டதில்லை.

புதுச்சேரி உப்பளத்தில் வேகமாக எறிகிற ஒரு பையனை இதில் சேர்க்க முடியுமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். முடியாது, வழி வேறு. டிராஃப்ட் அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் வசிப்பவர்களுக்கும் அங்கே படிப்பவர்களுக்கும்தான். குடியுரிமையைப் பார்ப்பதில்லை, ஆகவே நம்மூர் பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் இங்கே செல்லாது. 2024-இல் கிளீவ்லாந்து முதல் ஆளாக எடுத்த டிராவிஸ் பசானா ஆஸ்திரேலியர். ஒரிகன் ஸ்டேட் கல்லூரியில் படித்ததால் டிராஃப்டுக்குள் வந்தார். (அவருக்கும் ஸ்லாட்டைவிடச் சுமார் 16 லட்சம் குறைவுதான், 89.5 லட்சம்.) உப்பளத்துப் பையன் இங்கேயே இருந்தால் வெளிநாட்டு ஒப்பந்தப் பட்டியலில் வருவான். 2008-இல் பிட்ஸ்பர்க் இந்தியர்களான ரிங்கு சிங்கையும் (கிரிக்கெட் ரிங்கு வேறு) தினேஷ் படேலையும் எடுத்தது டிராஃப்டுக்கு வெளியேதான். இப்போது அந்த ஒப்பந்தக் காலம் ஜனவரி 15 அன்று திறக்கும், வயது 16 ஆகியிருக்க வேண்டும். அங்கேயும் அணிக்கு ஒரு பூல் உண்டு, 5 விழுக்காட்டுச் சலுகை கிடையாது. 10,000 டாலரோ அதற்குக் குறைவோ கொடுத்தால் மட்டும் கணக்கில் வராது. இதுவரை பேஸ்பாலே ஆடாத ஒரு பையனுக்கு வருகிற முதல் அழைப்பில் அந்த எண்ணைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.