ஆணுக்கு எதற்கு கர்ப்ப டெஸ்ட்?

வலி இல்லாததுதான் விதையில் வரும் புற்றுநோயின் சூது. வலது விதை கல் போலக் கெட்டிப்பட்டும், முதலில் காட்டிய டாக்டர் ஓதம் (விதைப்பையில் நீர் கோப்பது) என்று மாத்திரை எழுதினார். மார் வீங்கி, பனியன் உரசினாலே வலிக்கத் தொடங்கிய பிறகுதான் வேறொருவரிடம் போனேன். அவர் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

லேபில் இருந்த அக்கா சீட்டைப் பார்த்துவிட்டு, “பீட்டா எச்.சி.ஜி.யா? வீட்டுக்காரி பேரு சொல்லுங்க” என்றார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. டெஸ்ட் எனக்குத்தான் என்றதும் என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டாக்டருக்கு போன் போட்டார். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன் அது. எனக்கு வந்த கோரியோகார்சினோமா என்ற அபூர்வக் கட்டியும் அதையே சுரக்கும். மார் வீங்கியதும் அதனால்தான்.

இரணியலில் ரயிலேறி திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்) போனோம். விதையில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதில்லை. கவட்டைக்கு மேலே கீறி விதையை முழுசாக எடுத்துவிடுகிறார்கள். பையில் கீறினால் நோய் வேறு வழியில் பரவலாமாம். இந்தக் கட்டி ரத்தம் வழியாகச் சீக்கிரம் நுரையீரலுக்குப் போகும். எனக்கும் போயிருந்தது.

கீமோவுக்கு முன்னால் விந்தைச் சேமித்து வைக்கச் சொன்னார்கள். அம்மை பக்கத்திலேயே நிற்கிறாள், என்ன சொல்ல? “இன்னொரு டெஸ்ட்” என்று சொல்லி சாயா குடிக்க அனுப்பிவைத்தேன். கூச்சப்பட்டு இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், கீமோ தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

ப்ளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின்: 21 நாளுக்கு ஒரு சுற்று, மொத்தம் 4. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்காமல் இருக்க பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவார்கள், ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு நடைதான். காதில் ரீங்காரம் இன்னும் இருக்கிறது. முடி கொட்டியதுகூடப் பெரிதில்லை, மீன் வாசம் வந்தாலே குமட்டியது. குளச்சலில் வீட்டை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? கஞ்சியும் காணத்துவையலும்தான் காப்பாற்றின.

ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் எச்.சி.ஜி. பார்ப்பார்கள். மருந்து கேட்கிறதா என்று அந்த எண்தான் சொல்லும். எனக்கு இறங்கி இறங்கி சாதாரண அளவுக்கு வந்தது. இப்போதும் சொன்ன தேதிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிடுவேன், நோய் திரும்பினால் முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

ஒன்று மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. ப்ளியோமைசின் நுரையீரலைப் பதம் பார்க்கும் மருந்து. பின்னால் எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க டாக்டரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும், அதிக ஆக்ஸிஜன் ஆகாது. நான் சீட்டில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன். சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலில் முங்கவும் கூடாதாம். சிப்பி எடுக்க நம்ம ஆட்கள் என்றைக்கு சிலிண்டர் கட்டினார்கள்!