மூணாவது பீரியட்

பென்சில் சீவிக் கொடுக்கலாம் என்று பாப்பாவின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால், காதில் இருக்க வேண்டிய மெஷின் உள்ளே கிடக்கிறது. அதன் காயிலில், அதாவது தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டத் துண்டில், இருக்கும் காந்தம் காம்பஸோடு போய் ஒட்டிக்கொண்டு, பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. பேட்டரி தீர்ந்துபோச்சா என்று கேட்டேன். என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, இல்லை என்று தலையாட்டினாள். "மூணாவது பீரியட்ல கழட்டினேன்." மணி அப்போது ஐந்து. காலை பதினொன்றிலிருந்து எதுவுமே காதில் விழாமல் உட்கார்ந்திருக்கிறாள், வேண்டுமென்றே.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு இரண்டு காதும் கேட்காது. மூன்று வயதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், உள்காதில் கருவி வைக்கிற காக்ளியர் ஆபரேஷன் ஆனது. அப்புறம் பேச்சுப் பயிற்சிக்கு இரண்டு வருஷம் பஸ்ஸில் இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இப்போது ஆறாம் வகுப்பு, நன்றாகப் பேசுகிறாள். சொந்தக்காரர்கள் "அதான் சரியாயிடுச்சே" என்கிறார்கள். வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசினால் சரிதான். வகுப்பில் நாற்பது பிள்ளைகள், தலைக்கு மேல் கடகடவென்று மூன்று ஃபேன், சார் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பாடம் சொல்வார். ஒன்றிரண்டு மீட்டருக்குள் பேசுவதைத்தான் மெஷின் தெளிவாகக் கொடுக்கும், அதைத் தாண்டினால் பாடமும் ஃபேனும் பெஞ்ச் இழுக்கிற சத்தமும் ஒரே இரைச்சல். அதனால்தான் வட்டார வள மையத்திலிருந்து ஸ்பெஷல் மிஸ் வருகிறார். அவர் ஒருவருக்கே ஏழெட்டுப் பள்ளிக்கூடம். எங்கள் ஊருக்கு அவர் பஸ் வந்து சேரும் நேரம் செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணி, அந்த நேரத்தில் அறிவியல் வகுப்பு.

ஆயா வந்து வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நாற்பது தலையும் திரும்பும். இவள் நோட்டை மூடி வைத்துவிட்டு கம்ப்யூட்டர் ரூமுக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு பையன் 'மெஷின் கிளாஸ்' என்று பெயரே வைத்துவிட்டானாம்.

நான் முதலில் செய்தது தப்பு. மெஷினை மாட்டிவிட்டு, "உன் நல்லதுக்குத்தானே வர்றாங்க, அவங்க எவ்வளவு தூரத்திலிருந்து வர்றாங்க தெரியுமா" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே காயிலைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இந்த வசதி ஒன்று உண்டு, எனக்கெல்லாம் என் அம்மா திட்டும்போது அப்படி ஒன்று வாய்க்கவில்லை.

மறுநாள் காலை தலைவாரும்போது வழக்கம்போல் பின்னால் நின்று ஆறு சத்தம் சொன்னேன். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது, முகம் பார்க்காமல் அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். நான்கு சத்தம் சொன்னாள். 'ஷ்'க்கும் 'ஸ்'க்கும் பதிலே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, மெல்லிய சத்தம் அந்த இரண்டும்தானே. இன்னொரு தடவை சொன்னேன். "கேக்குது. சொல்லமாட்டேன்" என்றாள்.

பின்னல் போட்டு முடிப்பதற்குள் விஷயம் வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமை வகுப்பில் உருளைக்கிழங்கில் அயோடின் விட்டு மாவுச்சத்து பார்த்திருக்கிறார்கள். வெட்டின இடம் கருநீலமாக மாறியதாம், பெஞ்ச் மேல் ஏறி நின்று பார்த்தார்களாம். இவள் திரும்பி வந்தபோது சார் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என்னவோ பெரிய கெட்டிக்காரி மாதிரி அன்று சாயங்காலமே வீட்டில் இருந்த பெட்டாடினை எடுத்து உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். நீலம் அழகாகவே வந்தது. ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது நீயும் நானும் மட்டும்தானே பாக்குறோம்" என்று எழுந்து போய்விட்டாள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'உள்ளடக்கிய கல்வி' என்பதற்கு அர்த்தமே எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிப்பது என்றுதான் இருக்கிறது. அதை ஒருநாள் படித்தபோது நம் பிள்ளையும் இதே பள்ளிக்கூடத்தில்தானே படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நீல உருளைக்கிழங்குக்கு அப்புறம் அப்படி நினைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போனேன், பாப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. ஸ்பெஷல் மிஸ், அறிவியல் சார், நாங்கள் இருவர். எந்தப் பீரியடை விட்டுத்தரலாம் என்று பேச்சு வந்ததும் பெரியவர்கள் மூன்று பேர் வாயிலும் ஒரே நேரத்தில் வந்தது பி.டி. பீரியட். விளையாட்டு என்றால் நமக்கு அவ்வளவு இளக்காரம். பாப்பா "அது வேண்டாம்" என்று இவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. லைப்ரரி பீரியடைத் தருகிறேன் என்றாள், தானாகவே. மிஸ் தன் பள்ளிக்கூட வரிசையை மாற்றிப் போட்டு வெள்ளிக்கிழமை வகுப்பை லைப்ரரி நேரத்துக்குக் கொண்டுபோனார். சும்மா சொல்லக்கூடாது, அதற்காக அவர் இப்போது ஒரு பஸ் மாறி வருகிறார். அடுத்த வாரம் வரப்போகிற பாடத்தின் சொற்களை, பச்சையம், ஒளிச்சேர்க்கை என்று, முன்கூட்டியே அதில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார். முன்னமே தெரிந்த சொல் என்றால் இரைச்சலுக்கு நடுவிலும் பிடித்துக்கொள்ள முடிகிறது. செவ்வாய்க்கிழமையை மாற்ற முடியவில்லை. அன்று மிஸ் வகுப்புக்குள்ளேயே அவள் பெஞ்சில் வந்து உட்காருகிறார், பக்கத்தில் இருக்கிற இன்னும் இரண்டு பிள்ளைகளும் அவரிடம் சந்தேகம் கேட்கிறார்களாம். கம்ப்யூட்டர் ரூம் அமைதி அதில் கிடைக்காது. பேச்சுப் பயிற்சி அன்றைக்குக் குறைகிறது, அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது, அதனால் ராத்திரி நானே அரைமணி நேரம் உட்காரவைக்கிறேன். அதற்கும் முகம் சுளிக்கிறாள்.

நேற்று தலைவாரும்போது ஆறு சத்தமும் ஒழுங்காகச் சொன்னாள். அப்புறம், "ஏழாவதுக்கும் ஸ்பெஷல் மிஸ் வருவாங்களா?" என்று கேட்டாள். வருவாங்கன்னுதான் நினைக்கிறேன் என்றேன்.

"அப்ப பி.டி. பீரியட் எப்பன்னு மொதல்ல கேட்டு வைம்மா."