ரோம் டோட்டல் வார்: மூன்று குடும்பங்களில் எவ்வளவு வரலாறு?

2004-ல் வந்த 'ரோம்: டோட்டல் வார்' கணினி விளையாட்டு பற்றிப் பேச்செடுத்தால் எகிப்தியப் படையின் பழங்காலத் தேர்களைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது ரோமானிய அரசியல். ஆட்டம் தொடங்கும் கி.மு. 270-ல் குடியரசு ஜூலி, புரூட்டி, சிப்பி என மூன்று குட்டி நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. நடுவில் செனட் தனி ஊரும் தனிப் படையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சிப்பியோவும் புரூட்டஸும் கிளைப்பெயர்கள்தான்; குலங்கள் கொர்னேலியா, யூனியா. 2013-ல் வந்த இரண்டாம் பாகம் இதைத் திருத்திக்கொண்டது. ஆகவே அதை விட்டுவிட்டு வரைபடத்துக்கு வருவோம்.

ஜூலிக்கு அரேடியமும் அரிமினமும் தருகிறார்கள். அரிமினத்தில் ரோமர்கள் குடியேற்றம் அமைத்ததே 268-ல்தான். சிப்பிக்குக் கபுவாவோடு சிசிலித் தீவின் மெசானாவும் கிடைக்கிறது. 270-ல் மெசானா மாமெர்டைன் எனப்பட்ட முன்னாள் கூலிப்படையினர் கையில் இருந்தது. 264-ல் ரோமப் படை கடல் கடந்து அங்கே போனதிலிருந்துதான் ரோமுக்கும் கார்தேஜுக்கும் நடந்த முதல் பியூனிக் போரே தொடங்குகிறது. ஒரு பெரும்போரின் காரணத்தை முதல் சுற்றிலேயே இலவசமாகத் தருவது நியாயமா? அந்தப் படையை நடத்திப் போனவரும் சிப்பியோ அல்ல, அப்பியஸ் கிளாடியஸ். ஆட்டத்தில் கிளாடியஸ் குலத்துக்கு இடமே இல்லை. ஃபேபியஸ், ஐமிலியஸ் குலங்களுக்கும் அதே கதி.

ஜூலியைச் சேர்த்தது சீசருக்காக மட்டுமே. 267-ல் லூசியஸ் ஜூலியஸ் லிபோ கான்சல், அதாவது குடியரசின் உச்சப் பதவியாளர், ஆனார். அடுத்து அந்தக் குலத்தில் ஒருவர் கான்சல் ஆனது 157-ல். இடையில் 110 ஆண்டுகள்! நாம் ஜூலியின் சிவப்புக் கொடியோடு கால் பகுதி ஐரோப்பாவைப் பிடிக்கும் அதே காலத்தில் நிஜக் குடும்பம் ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

இதையெல்லாம் கூட மன்னிக்கலாம். அணி என்பதையே தப்பாகப் புரிந்துகொண்டதுதான் மன்னிக்க முடியாதது. ரோமில் எந்தக் குடும்பத்துக்கும் சொந்த மாகாணம் கிடையாது, சொந்தப் படையும் கிடையாது. கான்சல் பதவி இரண்டு பேருக்கு, ஓராண்டுக்கு மட்டும். குடிமக்களைச் சொத்துப்படி பிரித்த 193 செஞ்சுரிகள் என்ற வாக்குக் குழுக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். பணக்காரர்களின் செஞ்சுரிகள் முதலில் வாக்களிக்கும் என்பதால் பல சமயம் ஏழைகளின் முறை வருவதற்குள் முடிவு தெரிந்துவிடும். அந்த வாக்குகளைத் திரட்டத்தான் கல்யாணம், தத்து, கடன், நன்றிக்கடன் எல்லாம். அதனால் அணிகள் குடும்ப எல்லையில் நிற்காது.

கி.மு. 133-ஐப் பாருங்கள். நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்த டைபீரியஸ் கிராக்கஸின் தாய் கொர்னேலியா, கார்தேஜ் தளபதி ஹன்னிபாலை வென்ற சிப்பியோவின் மகள். டைபீரியஸை அடித்துக் கொன்ற கும்பலுக்குத் தலைமை தாங்கிய சிப்பியோ நாசிகாவும் ஹன்னிபாலை வென்ற அதே சிப்பியோவின் மகள் வயிற்றுப் பேரன். டைபீரியஸின் சகோதரி புருஷன் சிப்பியோ ஐமிலியானஸோ, ஐமிலியஸ் குலத்தில் பிறந்து தத்துப் போனவர். இந்த மூவரை எந்த நிறக் கொடியின் கீழ் நிறுத்துவீர்கள்? 49-லும் அப்படித்தான்: மார்கஸ் புரூட்டஸ் சீசரின் எதிரியான பாம்பேயஸ் பக்கம் போனார், டெசிமஸ் புரூட்டஸ் சீசருக்காக மசிலியாவில் (இன்றைய மார்செய்) கடற்படை நடத்தினார்.

செனட்டும் தனி ஆள் அல்ல. இதே குடும்பங்களின் சுமார் 300 பேர்தான் அது. மக்கள் செல்வாக்கு கூடினால் குடும்பத் தலைவரைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லும் ஆட்டத்துச் செனட் வெறும் நாடகம். 49 ஜனவரியில் செனட் சீசரிடம் கேட்டது படையைக் கலைத்துவிடு என்றுதான்.

மாட் (ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பு) போடாமலே கொஞ்சம் சரிசெய்யலாம். சுற்றுக்கு அரையாண்டு என்பதால் 264 கோடை 13-வது சுற்றில் வரும். அதுவரை சிசிலியில் போர் வேண்டாம். ஒவ்வொரு கோடையிலும் பெரிய படையின் தளபதியை மாற்றுங்கள்; ஒரே ஒருவருக்கு மட்டும் பதவி நீட்டிப்பு கொடுங்கள். செனட் உண்மையிலேயே அப்படி நீட்டித்தது. இரண்டு லீஜியன் (ரோமப் படைப்பிரிவு) படைக்கு முன்வரிசை ஹஸ்தாட்டி 4, நடுவரிசை பிரின்சிபேஸ் 4, கடைசி வரிசை டிரியாரி 2, ஈட்டி எறியும் இலகு வீரர்களான வெலிடேஸ் 4 என வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் ஒரு லீஜியனுக்குத் தரும் 1200, 1200, 600, 1200 என்ற விகிதம் இதுதான். மிச்ச இடம் குதிரைப்படைக்கும் நேசநாட்டாருக்கும்.

இதில் சிக்கல், வயது வந்த ஆண்கள் சீக்கிரம் தீர்ந்துபோவார்கள், யாருக்கும் தளபதித் திறனைக் காட்டும் நட்சத்திரம் ஏறாது. வரும் கல்யாண, தத்து வாய்ப்புகளைத் தட்டாமல் ஏற்றால் சமாளிக்கலாம். கேப்டன் நடத்தும் படை பெருவெற்றி பெற்றாலும் அவரைத் தத்தெடுக்கச் சொல்லிக் கேட்கும், அதையும் விடாதீர்கள்.

மூன்றையும் ஒன்றாக்க நினைப்பவர்கள் ஆட்டத்தின் தொடக்க நிலையைச் சொல்லும் 'டெஸ்கர் ஸ்ட்ராட்' (descr_strat) கோப்பில் ஊர்களை மட்டும் மாற்றினால் போதாது, ஆட்களையும் நகர்த்த வேண்டும். நகர்த்திய ஒவ்வொரு பெயரும் புதிய அணியின் பெயர்ப் பட்டியலில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் காம்பெயின் திறக்கும்போதே ஆட்டம் மூடிக்கொள்ளும். அவ்வளவு பாடுபட விருப்பமில்லை என்றால் 'யூரோபா பார்பரோரம்' மாட் இருக்கிறது. 272-ல் தொடங்கும் அதில் ரோமுக்கு ஒரே அணிதான்.