நானிக்கு அட்டை வாங்கிய கதை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னை வியாசர்பாடியில் நானி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு தகரப்பெட்டியைத் திறந்தால் பாதி கூழாகிக் கிடந்தது. 2008இல் அரவாணிகள் நல வாரியம் தொடங்கிய பிறகு வாங்கி வைத்திருந்த திருநங்கை அடையாள அட்டையும் அதில்தான் இருந்தது. மை கலைந்து, முகம் இருந்த இடத்தில் வெறும் நீலத் திட்டு.

திருநங்கைகளான எங்களுக்குள் நானி என்றால் என்னை மகளாக எடுத்துக்கொண்ட அம்மாவின் குரு. 68 வயது. கரகம் எடுத்து ஆடியவர். ஆடி மாதம் பிறந்தால் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை எந்த அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினாலும் பம்பைக்காரருக்கு முன்னால் நானி நிற்பார். மாசியில் மயானக் கொள்ளைக்குக் காளியாக வருவார். அந்தக் காலத்துப் படம் ஒன்றுதான் மிச்சம். அது ஈரத்தில் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும் என்றார் ஸ்டுடியோ அண்ணன். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தோம். கரகத்தின் உச்சியில் இருக்கும் கிளி தெரிகிறது, நெற்றிப் பொட்டு தெரிகிறது, இடது கன்னம் இல்லை.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் 11 ஆடல்களில் ‘பேடு’ என்று ஒன்று உண்டு. ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்தில், அதாவது பேடியாக, காமன் ஆடியது. அவ்வளவு காலமாக ஆடி வந்திருக்கிறோம். நானி ஆடியதற்குச் சாட்சி இந்தக் கண்ணாடி மட்டும்தான் என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே புது அட்டைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன்.

அப்போது மத்திய அரசின் திருநர் இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. போட்டோ, கையெழுத்து, முகவரிச் சான்று, நோட்டரி கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம். இவ்வளவுதான். நாங்கள் முதலில் போன கணினி மையத்தில், “ஆபரேஷன் சர்டிபிகேட் எங்கே?” என்று கேட்டார்கள். நானிக்கு நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை நீக்கும் எங்கள் சடங்கு, நடந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சடங்கைச் செய்யும் மூத்த திருநங்கையான தாயம்மா கையால் நடந்தது. அதற்கு எந்த ஆஸ்பத்திரி சீட்டு கொடுக்கும்? அப்போது அப்படி ஒரு சான்று தேவையே இருக்கவில்லை. ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 திருநர் உரிமைச் சட்டத்துக்கான 2020 விதிகளிலும் மருத்துவப் பரிசோதனை இல்லாமல், உறுதிமொழியை வைத்தே மாவட்ட ஆட்சியர் சான்றிதழ் தர வேண்டும் என்று இருந்தது. 30 நாள் கெடுவும் இருந்தது. மறுநாள் அந்த விதியைப் பிரிண்ட் எடுத்து, அடிக்கோடு போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. நீங்கள் போகும்போது, அன்றைக்கு நடப்பில் இருக்கும் விதியைப் பார்த்து, கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்துக்குப் பாரிமுனை போனோம். அங்கே பிறந்தபோது வைத்த பெயரையும் கேட்டார்கள். ஐம்பது வருஷமாக நானி வாயில் வராத பெயர். என்னிடம்கூடச் சொன்னதில்லை. டைப் அடிப்பவர் காத்திருந்தார். நானி பேனாவை வாங்கி ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினார். அடித்து முடித்ததும் தாளைத் திருப்பி வாங்கி, நாலாகக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டார். ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொன்னேன். பிறப்பில் எனக்குக் குறிக்கப்பட்ட பாலினமும் நான் உணரும் பாலினமும் ஒன்றல்ல என்று வரும் இடத்தில், “இன்னொரு வாட்டி படி, கண்ணு” என்றார். மூன்று முறை படித்தேன்.

மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆதாரில் இருந்த இனிஷியல் அப்பாவுடையது. பத்திரத்தில் நானி சொல்லிப் போட்டது அவருடைய குருவின் பெயரில் முதல் எழுத்து. இத்தனை வருஷமும் அதைத்தான் போட்டு வந்திருக்கிறார். வீட்டைவிட்டு வந்தவருக்குச் சோறு போட்டு, ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அந்தக் குரு. அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார்கள். ஆனால் ஆதாரும் பத்திரமும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் பதில். சரி என்று மறுபடி பாரிமுனை, மறுபடி முத்திரைத்தாள். முதலிலேயே ஆதார் எழுத்தைச் சரிபார்த்திருந்தால் இந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். பெரியவர்களுக்காக விண்ணப்பிப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

“போட்டுக்கோடி. ஆடுறப்ப எவனும் இனிஷியல் கேக்கல” என்றார் நானி. அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் சான்றிதழும் அட்டையும் வந்துவிட்டன. இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அட்டைக்கு லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். நானி விரலால் தடவித் தன் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு என் கையிலேயே கொடுத்து, அந்தக் கண்ணாடிப் படத்துப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். சுவரில் வெள்ளத் தண்ணீர் நின்ற கோடு இன்னும் அழியவில்லை. ஆணியை அதற்கு மேலே, நல்ல உயரத்தில் அடிக்கச் சொன்னார். ஸ்டூல் போட்டு ஏறித்தான் அடித்தேன்.